இரு கரைக்கும் ஒரு பாலம்: செலவு யாருடையது?

கொடைக்கானலிலிருந்து மேற்கே மலைச்சாலையில் ஏறத்தாழ 18 கிலோமீட்டர் சென்றால் பூம்பாறை என்னும் சிற்றூரைக் காணலாம். படிப்படியாக வெட்டப்பட்ட வயல்களும், அவற்றின் நடுவே நெருங்கி நிற்கும் வீடுகளும், குழந்தை வேலப்பர் கோயிலும் சாலையிலிருந்தே கண்ணில் படும். இம்மலைகளில் விளையும் பூண்டு தமிழகமெங்கும் பெயர் பெற்றது. 2019-ஆம் ஆண்டில் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பூண்டு விளைந்தால் மட்டும் போதுமா? அது சமவெளிக்கு இறங்கிச் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். இன்று லாரியில் ஏற்றினால் சில மணி நேரத்தில் வத்தலக்குண்டு வந்துவிடும். ஆனால் சென்ற நூற்றாண்டின் தொடக்கம் வரையிலும் இம்மலைகளுக்கு வண்டிச் சாலை கிடையாது. ஆள் தலையிலும் மாட்டு முதுகிலும்தான் சுமை ஏறி இறங்கியது. 1870களிலேயே மேஜர் லா என்ற பொறியியலார் மலைச்சாலைக்குத் தடம் வகுத்துப் பணியும் தொடங்கிவிட்டார். எனினும் அச்சாலை முடிவுற்றது 1914-ஐ ஒட்டித்தான். பொதுமக்களுக்கு அது திறந்துவிடப்பட்டது 1916-இல். நாற்பது ஆண்டுக் காலத் தாமதம்! மலை கடினமானது என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு, பணம் இல்லை. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைப் பெரும் பஞ்சம் வாட்டியது. அதன் வாலைப் பிடித்தாற்போல் ஆப்கானியப் போர் வந்தது. கருவூலம் வறண்டது, மலைச்சாலை பாதியில் நின்றது.

அதே 1870களில், அதே ஆட்சியினர் மேசை மீது மற்றொரு திட்டமும் இருந்தது. அதுவும் பணத்துக்காகவே காத்திருந்தது. அதன் முதற்படியும் 1914-இல்தான் நிறைவேறியது. முழுத் திட்டமோ இன்றளவும் நிறைவேறவில்லை. இந்தியாவையும் இலங்கையையும் கடலின் மேல் இணைக்கும் பாலமே அத்திட்டம். இரண்டு நாடுகள் சேர்ந்து ஒரு பாலம் கட்டுவது ஏன் இவ்வளவு கடினம் என்பதை அதன் வரலாறு நமக்கு நன்றாகக் கற்பிக்கிறது. வாருங்கள், அந்தக் கணக்கைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

கடல் ஆழமில்லை, ஆனால்...

தேசப்படத்தை எடுத்துப் பாருங்கள். இராமநாதபுரம் மாவட்டத்தின் நிலப்பகுதி மண்டபத்தில் முடிகிறது. பிறகு பாம்பன் கால்வாய். அதைத் தாண்டினால் இராமேசுவரம் தீவு. தீவின் தென்கிழக்கு முனை தனுஷ்கோடி. அங்கிருந்து இலங்கையின் மன்னார் தீவு வரை மணல் திட்டுகள் வரிசையாகக் கிடக்கின்றன. நம் மக்கள் அதை இராமர் பாலம், திருவணை என்று கூறுவர். ஆங்கிலேயர் ஆதம் பாலம் என்று எழுதினர். திட்டுகளுக்கு இடையே பல இடங்களில் நீர் ஓரிரு மீட்டர் ஆழந்தான். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் வழி ஏறக்குறைய 22 மைல், அதாவது 35 கிலோமீட்டர்.

ஆழமற்ற கடல், இடையிடையே மணல் திட்டு, அக்கரையில் செழிப்பான தோட்டங்கள். பாலம் போடும் ஆசை யாருக்குத்தான் வராது? தென்னிந்திய இருப்புப்பாதை 1875-இல் மதுரையையும் 1876-இல் தூத்துக்குடியையும் எட்டியது. பழனி மலையின் அடிவாரத்திலுள்ள அம்மையநாயக்கனூர் நிலையம், நாம் இன்று கொடைக்கானல் ரோடு என்று அழைக்கும் நிலையம், அப்பாதையில் உள்ளதுதான். இலங்கைக்குச் செல்வோர் அவ்வழியே தூத்துக்குடி சென்று, அங்கிருந்து நீராவிக் கப்பலில் கொழும்புக்குப் போயினர். இந்தக் கடற்பயணத்தை நீக்கி, இரயிலிலேயே கொழும்பு போய்ச் சேர வழி உண்டா என்ற பேச்சு 1876-ஐ ஒட்டி எழுந்தது. 1890களில் அளவெடுப்புகள் நடந்தன. கடலின் மேல் முழுவதும் பாலம் அமைக்கும் திட்டத்துக்கு 299 இலட்சம் ரூபாய் ஆகும் என்று மதிப்பிட்டதாக இரயில்வே வரலாறு குறிக்கிறது. இலண்டன் அதை ஏற்கவில்லை.

ஒரே முடி, இரண்டு கருவூலங்கள்

இந்தியாவும் இலங்கையும் அக்காலத்தில் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தவைதாமே, எல்லைப் பிரச்சினை எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. முடி ஒன்றுதான், கருவூலங்கள் இரண்டு. இலங்கை 1802 முதல் தனிக் குடியேற்ற நாடு. அதன் ஆளுநர் இலண்டனில் குடியேற்ற நாட்டு அலுவலகத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர். இந்தியாவோ 1858-க்குப் பின் இந்தியா அலுவலகத்தின் கீழ் இருந்தது. இரண்டுக்கும் தனித்தனி வரவு செலவு, தனித்தனிக் கடன், தனித்தனிச் சுங்கம். இந்திய உழவனிடம் பெற்ற வரியை இலங்கைக் கரையில் செலவிட முடியாது. இலங்கையின் ஏற்றுமதி வரியை இந்தியக் கடலில் கொட்டவும் முடியாது.

இருப்புப்பாதைகளும் இரு வேறு முறைகளில் நடந்தன. இலங்கையில் இரயில்வே அரசுக்குச் சொந்தம். தென்னிந்தியாவிலோ இலண்டனில் பதிவான கம்பெனி பாதை போட்டது. 1874-இல் தோன்றிய தென்னிந்திய இரயில்வேயின் முன்னோடியான பெரிய தென்னிந்திய இரயில்வேக் கம்பெனிக்கு அரசு 5 விழுக்காடு வட்டி உறுதி அளித்திருந்தது. அதாவது, பாதையில் இலாபம் வந்தால் பங்குதாரருக்கு. இலாபம் வராவிட்டாலும் பங்குதாரருக்குக் குறைவில்லை, வட்டியை இந்திய வரிப்பணம் ஈடுகட்டும். இந்த முறையால் விரைவாகப் பல பாதைகள் வந்தன என்பது உண்மை. பாதை தவறான இடத்தில் போடப்பட்டாலும் போட்டவருக்கு இழப்பில்லை என்பதும் உண்மை. கடலின் நடுவில் அமையும் பாலத்துக்கு இப்படிப்பட்ட உறுதியை எந்தக் கருவூலம் தருவது? நீரின் நடுவே கோடு கிழித்து, இதுவரை உன் செலவு, இதற்கு மேல் என் செலவு என்று பிரிப்பதா? பயன் அதிகம் பெறுபவர் அதிகம் தருவதா? இவ்வினா இன்றும் உலகில் எந்த எல்லைப் பாலத்துக்கும் முதல் வினாவாக நிற்கிறது.

299 இலட்சம் என்பது எவ்வளவு?

இலட்சங்களைப் படித்துவிட்டு மேலே செல்வது எளிது. நாம் ஒரு சிறு கணக்குப் போடுவோம். கடன் வாங்கிப் பாலம் கட்டுவதாகவும், வட்டி ஆண்டுக்கு 4 விழுக்காடு என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 299 இலட்சத்துக்கு ஆண்டு வட்டி ஏறக்குறைய 12 இலட்சம் ரூபாய். நாளொன்றுக்கு 3,300 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. பாலத்தைக் கடக்கும் ஒரு பயணியிடமிருந்து, வண்டி ஓட்டும் செலவெல்லாம் போக, ஒரு ரூபாய் மிஞ்சும் என்று கொள்வோம். அப்படியானால் வெயில் நாள், மழை நாள், திருவிழா நாள் என்ற வேறுபாடின்றி நாள்தோறும் 3,300 பேர் கடந்தால்தான் வட்டி மட்டும் கட்ட முடியும். அசல் அப்படியே நிற்கும். பழுது பார்க்கும் செலவு தனி. இது நாம் விளக்கத்துக்காகப் போட்ட கணக்கு. ஆயினும் அன்று முடிவெடுத்தவர்களின் நெற்றி ஏன் சுருங்கியது என்பது இதிலிருந்தே விளங்கும்.

வெள்ளி மலிந்தது, இரும்பு ஏறியது

இதோடு நாணயச் சிக்கலும் சேர்ந்தது. அக்கால ரூபாய் வெள்ளி நாணயம். பவுன் தங்கத்தோடு கட்டுண்டது. 1870களின் தொடக்கத்தில் ஒரு ரூபாய்க்குச் சுமார் 2 ஷில்லிங் கிடைத்தது. அதன்பின் உலகில் வெள்ளி மலிந்தது. ரூபாயும் அதனுடன் சரிந்தது. 1890களின் நடுவில் ரூபாய்க்கு 1 ஷில்லிங் 1 பென்னி அளவுக்கு வந்து, பிறகு அரசு முயன்று 1 ஷில்லிங் 4 பென்னியில் அதை நிறுத்தியது.

இதற்கும் பாலத்துக்கும் என்ன தொடர்பு? உத்தரங்கள், தண்டவாளங்கள், எஞ்சின்கள் எல்லாம் இங்கிலாந்திலிருந்து பவுன் கொடுத்து வாங்க வேண்டியவை. 100 பவுன் விலையுள்ள இரும்புக்கு, ரூபாய் 2 ஷில்லிங்காக இருந்தபோது 1,000 ரூபாய் போதும். 1 ஷில்லிங் 4 பென்னியானபோது அதே இரும்புக்கு 1,500 ரூபாய் வேண்டும். இரும்பு ஒரு துண்டும் கூடவில்லை. விலைதான் ஒன்றரை மடங்காயிற்று. கட்டணமோ ரூபாயில்தான் வசூலாகும். வரவு ஒரு நாணயத்திலும் கடன் வேறொரு நாணயத்திலும் இருந்தால் வரும் ஆபத்து இது. இன்றும் அயல்நாட்டுக் கடனில் பாலம் கட்டும் எந்த நாட்டுக்கும் இந்த ஆபத்து உண்டு.

இலங்கையின் நிலையும் அந்நாளில் நன்றாக இல்லை. 1869-இல் அங்கே காப்பிச் செடியைத் தாக்கிய இலைத்துரு நோய் அடுத்த இருபது ஆண்டுகளில் காப்பித் தொழிலையே அழித்துவிட்டது. 1884-இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. தேயிலை வேரூன்றி வருவாய் பெருகிய பின்புதான் அத்தீவு பெரிய பணிகளைத் துணிந்து எண்ணத் தொடங்கியது.

பாலம் இருந்தாலும் பாதை பொருந்தாது

மற்றொரு தடையைப் பலர் மறந்துவிடுகின்றனர். இலங்கையின் இருப்புப்பாதை அகலப் பாதை. தண்டவாளங்களுக்கிடையே 5 அடி 6 அங்குலம். தென்னிந்தியாவிலோ செலவைக் குறைப்பதற்காக 1870களில் மீட்டர் பாதையை மேற்கொண்டனர். எனவே முழுப் பாலமும் கட்டி முடித்திருந்தாலும், சென்னையில் ஏறியவர் அதே பெட்டியில் கொழும்பில் இறங்கியிருக்க முடியாது. வழியில் எங்கேனும் வண்டி மாற வேண்டும். அல்லது மூன்று தண்டவாளம் போட வேண்டும். எப்படியும் மாறத்தான் வேண்டுமென்றால் கப்பலுக்கு மாறினால் என்ன? சிக்கனம் பேசியவர்களுக்கு இதுவும் ஒரு வலுவான வாதமாக அமையக்கூடியதே.

யாருக்காகப் பாலம்?

பணத்தைப் பற்றிப் பேசும்போது பயன் பெறுபவரைப் பற்றியும் பேச வேண்டும். இலங்கைத் தோட்டங்களுக்கு உழைப்பாளிகள் சென்றது தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து. மதுரை, இராமநாதபுரம், திருச்சி, சேலம் முதலிய பகுதிகளின் சிற்றூர்களிலிருந்து கங்காணிகள் மக்களைக் கூட்டிச் சென்றனர். கடற்கரை வரை நடை, தோணியில் மன்னார், அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை மீண்டும் நெடுநடை. வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் மாண்டவர்கள் மிகப் பலர். 1890களின் இறுதியில் கொள்ளை நோய் அச்சத்தால் அந்த வழி மூடப்பட்டுத் தூத்துக்குடி–கொழும்பு வழி ஏற்பட்டது.

ஆகவே பாலத்தை விரும்பியவருள் தோட்ட முதலாளிகள் முன்னின்றனர். ஆட்கள் தடையின்றி வர வேண்டும், அரிசி வர வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அவ்வழியே உண்மையில் பயணம் செய்யப்போகிறவரோ கையில் காசில்லாத ஏழைகள். ஒரு பயணிக்கு ஒரு ரூபாய் மிச்சம் என்று மேலே எழுதினோமே, அந்த ஒரு ரூபாய் யாருடைய கூலியிலிருந்து வரும் என்று எண்ணிப் பாருங்கள். பாலத்தின் செலவைக் கட்டணத்தால் ஈடுகட்டுவது என்றால் கடப்பவர் தலையில் ஏற்றுவது என்றே பொருள். வரியால் ஈடுகட்டுவது என்றால் கடக்காதவர் தலையிலும் ஏற்றுவது. மூன்றாவது வழி கிடையாது.

70 இலட்சத்தில் ஒரு வழி

1906-இல் பொறியியலார் புதிய திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தனர். முழுக் கடலையும் தாண்ட வேண்டாம். மண்டபத்துக்கும் இராமேசுவரம் தீவுக்கும் இடையே பாம்பனில் மட்டும் பாலம். தனுஷ்கோடி வரை இருப்புப்பாதை. அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல். அக்கரையில் இலங்கை அரசு மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரை தன் பாதையை நீட்டும். மதிப்பீடு 70 இலட்சம் ரூபாய்.

இத்திட்டத்தின் நுட்பம் பொறியியலில் மட்டும் இல்லை. பணப் பிரிவிலும் இருந்தது. இந்தியக் கரையில் இந்தியப் பணம், இலங்கைக் கரையில் இலங்கைப் பணம், நடுவே கப்பல். கடலில் கோடு கிழிக்கும் வழக்கே எழவில்லை. நம் பழைய கணக்குப்படி 70 இலட்சத்துக்கு ஆண்டு வட்டி 2 இலட்சத்து 80 ஆயிரம். நாளொன்றுக்குச் சுமார் 770 ரூபாய். சுமை கால் பங்குக்கும் கீழே வந்துவிட்டது.

1911-இல் பாம்பனில் பணி தொடங்கியது. பாலத்தின் நீளம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. கண்கள் 145, ஒவ்வொன்றும் 40 அடி. பாம்பன் கால்வாயில் கப்பல்கள் செல்ல வேண்டும் என்பதால் நடுவே திறந்து மூடும் கண் ஒன்று அமைத்தனர். அமெரிக்கப் பொறியியலார் வில்லியம் ஷெர்சர் கண்ட முறைப்படி, சுமார் 415 டன் எடையுள்ள இரு இறக்கைகள், சக்கரம் உருள்வது போல் உருண்டு மேலெழும். எதிர் எடை சரியாக அமைந்ததால் ஆட்களே நெம்புகோலைச் சுற்றி அவற்றைத் திறந்தனர். 1914 பிப்ரவரி 24-ஆம் நாள் பாலம் திறக்கப்பட்டது. சென்னையில் சீட்டு வாங்கினால் இரயில், கப்பல், மீண்டும் இரயில் என்று கொழும்பு வரை அதே சீட்டில் போகலாம். போட் மெயில் என்று நம் முன்னோர் பேசிய வண்டி இதுவே. அதுவரை அது தூத்துக்குடிக்குத்தான் ஓடியது.

கப்பலுக்குப் பதிலாக மணல் திட்டுகளின் மேலேயே பாதை போடலாம் என்ற எண்ணமும் அக்காலத்தில் கைவிடப்படவில்லை, அதற்கும் அளவெடுத்தார்கள். ஆனால் 1914 ஆகஸ்டில் முதல் உலகப்போர் மூண்டது. முன்பு பஞ்சம் செய்ததை இப்போது போர் செய்தது.

சிக்கனத்தின் விலை

அரைகுறை வழி மலிவு என்றோம். அதன் விலையை ஐம்பதாண்டு கழித்துத் தனுஷ்கோடி கொடுத்தது. 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவில் வீசிய புயலில் கடல் தனுஷ்கோடியின் மீதேறியது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணி வண்டி அலையில் மூழ்கி, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நிலையம், துறைமுகம், கோயில், தேவாலயம் எல்லாம் அழிந்தன. பாம்பன் பாலத்தின் 145 கண்களில் 126 கண்களின் உத்தரங்கள் கடலில் விழுந்தன. ஷெர்சர் கண் மட்டும் உறுதியாக நின்றது.

பாலத்தைச் சீராக்க ஆறு மாதம் வேண்டும் என்று முதலில் எண்ணினர்; பிறகு மூன்று மாதமாகக் குறைத்தனர். பணியை ஏற்ற இளம் பொறியியலார் இ. ஸ்ரீதரன் 46 நாள்களில் முடித்தார். எப்படி? புதிய உத்தரங்கள் எங்கோ செய்யப்பட்டு வந்து சேரக் காத்திருக்காமல், கடலுக்குள் கிடந்த உத்தரங்களையே தேடினர். அவை கிடந்த இடத்தை மீனவர் கண்டு சொன்னார்கள். ஒவ்வொன்றாகத் தூக்கி, செப்பனிட்டு, மீண்டும் தூண்களின் மேல் ஏற்றினர். காலமும் பணமும் ஒருங்கே மிஞ்சின. பாலம் பிழைத்தது, தனுஷ்கோடி பிழைக்கவில்லை. கப்பல் இராமேசுவரத்திலிருந்து ஓடத் தொடங்கியது.

அந்தக் கப்பலில் எதிர்த்திசையில் வந்தவர்களை நாம் மறக்கலாகாது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென வகுத்தது. தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மூட்டை முடிச்சுகளுடன் இராமேசுவரத்தில் இறங்கினர். அவர்களுள் பலர் தமக்குத் தெரிந்த மலைத் தொழிலை நாடி நீலகிரிக்கும், இந்தப் பழனி மலைகளுக்கும் வந்தனர். அன்று போனவர்களின் உழைப்பை எண்ணியே அந்தப் பாலத்தின் வரவு கணக்கிடப்பட்டது. அவர்கள் துயரம் அக்கணக்கில் எந்தப் பக்கத்திலும் எழுதப்படவில்லை. 1980களின் நடுவில் இலங்கை உள்நாட்டுப் போரால் அந்தக் கப்பலும் நின்றது.

பிறர் எப்படிச் செய்தனர்?

எல்லை தாண்டிய இணைப்புகளுக்குப் பணம் திரட்டுவதில் உலகம் மூன்று வழிகளைக் கண்டிருக்கிறது.

முதல் வழி, பாதிக்குப் பாதி. டென்மார்க்கையும் சுவீடனையும் இணைக்கும் எரெசுண்ட் பாலம் 2000 சூலை 1-இல் திறக்கப்பட்டது. இரு அரசுகளும் சம பங்குள்ள நிறுவனம் ஒன்றை ஏற்படுத்தின. அந்நிறுவனம் கடன் வாங்கியது. கடனுக்கு இரு அரசுகளும் பொறுப்பேற்றன. அதனால் வட்டி குறைந்தது. தொடக்கத்தில் எதிர்பார்த்த அளவு வண்டிகள் வரவில்லை. எனினும் நிறுவனம் முழுகவில்லை. காத்திருக்கும் வலிமையை அரசுகளின் உறுதி தந்தது. சுங்கக் கட்டணத்தால் கடன் மெல்ல அடைந்து வருகிறது.

இரண்டாம் வழி, தனியார். இங்கிலாந்தும் பிரான்சும் கடலடிச் சுரங்கம் தோண்டும் எண்ணத்தை 1975-இல் பிரிட்டிஷ் அரசு செலவைக் காட்டிக் கைவிட்டது. 1986-இல் மீண்டும் உடன்பாடு கண்டபோது, அரசுப் பணம் ஒரு காசும் கிடையாது என்று விதித்தனர். பங்கு விற்றும் வங்கிக் கடன் பெற்றும் கட்டினர். செலவு மதிப்பீட்டைவிட ஏறத்தாழ 80 விழுக்காடு கூடியது. 1994-இல் சுரங்கம் திறந்தது, பயணிகள் மகிழ்ந்தனர், முதலில் பங்கு வாங்கியவர்கள் பெரும் இழப்புக்கு ஆளாயினர்.

மூன்றாம் வழி, ஒருவரே முழுச் செலவையும் ஏற்பது. கனடாவின் விண்ட்சருக்கும் அமெரிக்காவின் டெட்ராய்ட்டுக்கும் இடையே கோர்டி ஹோ பாலத்துக்கு 2012-இல் உடன்பாடு ஆயிற்று. மிச்சிகன் மாநிலம் பணம் தர முன்வராததால் அதன் பங்கையும் கனடாவே ஏற்றது; சுங்கக் கட்டணத்தில் பிறகு ஈடுசெய்து கொள்ளும்.

மூன்றாம் வழிக்குச் சான்று தேட அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. நம் மேற்கு மலையிலேயே ஒன்று உண்டு. முல்லைப் பெரியாறு அணை திருவிதாங்கூர் நிலத்தில், சென்னை அரசின் பணத்தில் எழுந்தது. 1886-இல் 8,000 ஏக்கருக்கு, ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம், 999 ஆண்டுக் குத்தகை எழுதினர். 1895-இல் தண்ணீர் மதுரைச் சீமைக்கு வந்தது. பணச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் நிலம் ஒருவருடையது, அணை மற்றவருடையது என்ற சிக்கல் நூறாண்டுக்குப் பின்னும் நீதிமன்றம் வரை தொடர்ந்தது. ஒருவரே பணம் போட்டால் பணி விரைவில் முடியும். உறவுக்கு அதுவே போதாது என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

இன்றைய நிலை

பாம்பனில் இன்று புதிய இரயில் பாலம் நிற்கிறது. பழைய பாலம் 2007-இல் அகலப் பாதையாக மாற்றப்பட்டது. உப்புக் காற்றின் அரிப்பால் தளர்ந்து, 2022 டிசம்பரில் ஓய்வு பெற்றது. 550 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் கட்டிய புதிய பாலத்தை 2025 ஏப்ரல் 6-இல் திறந்தனர். நடுவே 72.5 மீட்டர் நீளமுள்ள கண், இருபுறக் கோபுரங்களுக்கு இடையே நேராக மேலே எழும்புகிறது. முன்னர் ஒத்துவராத பாதை அகலம் இப்போது இரு நாடுகளிலும் ஒன்றே. அந்தத் தடை நீங்கிவிட்டது.

பணத் தடை நீங்கவில்லை. 2002-இல் இலங்கை அரசு பாலப் பேச்சை மீண்டும் எழுப்பியது. 2015-இல் இந்திய அமைச்சர் ஒருவர், ஏறத்தாழ 24,000 கோடி ரூபாய்த் திட்டம் என்றும், ஆசிய வளர்ச்சி வங்கி கடன் தர முன்வந்துள்ளது என்றும் நாடாளுமன்றத்தில் கூறினார். இலங்கையில் எதிர்ப்பு எழுந்தது. 2022-இல் இலங்கை தன் அயல்நாட்டுக் கடன்களைக் கட்ட இயலாது என்று அறிவிக்க நேர்ந்தது. 2023 சூலையில் இரு நாட்டுத் தலைவர்களும் நில இணைப்புக்கான ஆய்வு செய்ய ஒப்புக்கொண்டனர். அதே ஆண்டு அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விடப்பட்டது. மீண்டும் கப்பல்! 1906-இன் விடையே 2023-இலும் முதல் விடையாயிற்று.

பணம் மட்டுமே கேள்வியன்று. மன்னார் வளைகுடாவின் பவளத்திட்டுகள், இரு கரை மீனவரின் வாழ்வு, திட்டுகளின் மீது மக்கள் கொண்ட பற்று, இலங்கை மக்களின் ஐயங்கள் இவையும் கணக்கில் ஏற வேண்டியவை. இவற்றை விட்டுவிட்டுப் போடும் மதிப்பீடு, பழுதுபார்ப்புச் செலவை விட்டுவிட்டுப் போட்ட மதிப்பீடு போன்றதே.

பழுதுபார்ப்பு என்றதும் மறுபடியும் நம் மலைக்கே வருவோம். கொடைக்கானலிலிருந்து பேரிஜம் வழியாக மூணாறுக்கு ஒரு சாலை இருந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அதைச் செப்பனிட்டனர். பிற்காலத்தில் போதிய பராமரிப்பு இல்லை. இரண்டு மாநில எல்லை. வனப் பாதுகாப்பின் தேவையும் சேர்ந்தது. 1990-ஐ ஒட்டி அது பொதுப் போக்குவரத்துக்கு மூடப்பட்டது. அந்த மலைக்காடும் அதன் விலங்குகளும் அதனால் அமைதி பெற்றன என்போர் உண்டு. மூணாறு செல்லச் சமவெளிக்கு இறங்கி ஏற வேண்டியிருக்கிறதே என்போரும் உண்டு. ஒன்று தெளிவு: கட்டுவதற்குப் பணம் ஒரு முறை தந்தால் போதும், காப்பதற்கு ஆண்டுதோறும் தர வேண்டும். எல்லையில் இருக்கும் பொருளுக்கு இரு வீட்டாரும் உரிமை கொண்டாடுவர். ஆண்டுச் செலவு என்று வரும்போது இருவரும் மற்றவர் முகத்தைப் பார்ப்பர்.

உங்கள் ஊர் எல்லையில் ஓர் ஓடை இருக்கும். அதன் மேல் ஒரு சிறு பாலம் இருக்கும். அல்லது இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமலிருக்கும். அடுத்த முறை அவ்வழியே போகும்போது சற்று நின்று பாருங்கள். அதற்கு யார் பணம் தந்தார்கள், யார் அதைப் பழுது பார்க்கிறார்கள், யார் அதிகம் கடக்கிறார்கள் என்று ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். மூன்று கேள்விக்கும் ஒரே விடை வந்தால் அப்பாலம் நிலைக்கும். வேறு வேறு விடை வந்தால், கட்டுவதற்கு முன்பே இரு கரையாரும் கூடி உட்கார்ந்து பேசியாக வேண்டும். பாக்குநீரிணையில் நூற்றைம்பது ஆண்டுகளாக நடக்கும் பேச்சும் அதுவே.